முள் காட்டிய இருபத்தைந்து

பொய் என்று தெரியாமலே ஒருவர் சொன்ன பொய்யும் பொய்க் கணக்கில்தான் சேருமா?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் இதை என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் அவர் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

அவர் பெயர் யுவராஜ். வயது ஐம்பத்திரண்டு. ஊர் மலைக்குக் கீழே அயோத்தியாப்பட்டணம். பதினெட்டு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவர், பிறகு டிரைவராகி நாக்பூர், கட்டாக் என்று கால்வாசி இந்தியாவைச் சக்கரத்தில் அளந்தவர். முப்பது வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட வண்டி ஏற்றியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. ஆறு வருடத்துக்கு முன் மனைவி தேவகுமாரி மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். ஒரே மகள் ஹேமலதா கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். பூட்டைத் திறந்து உள்ளே போனால் பேச ஆளில்லாத வீட்டில் எத்தனை நாள் இருப்பது? ஏற்காட்டில் ஓர் ஓட்டலில் டிரைவர் வேலை இருக்கிறது என்றார்கள். வந்துவிட்டார்.

கார் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், குறுக்கே கட்டிய கயிற்றில் இரண்டு வெள்ளைச் சட்டைகள். மழைக்காலத்தில் அந்தச் சட்டைகள் காய நான்கு நாளாகும். அதுவரை அவற்றிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம்தான் அறையில் துணை.

அவர் ஓட்டியது சாதாரணக் கார் அல்ல. தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய சீமைக் கார் மாதிரியே கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் செய்த வண்டி. அடியில் இருப்பது பழைய ஜீப்பின் சட்டமும் டீசல் இன்ஜினும். மேலே இருப்பது பைபர் உடம்பு. நீளமான மூக்கு, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, கையால் அமுக்கினால் கத்தும் ரப்பர் ஹாரன். ஓட்டலுக்கு வருகிறவர்கள் அதில் ஏறி ஏரியையும் பக்கோடா பாயிண்டையும் காப்பித் தோட்டங்களையும் சுற்றி வருவார்கள். ஏறியதும் முதல் வேலை போட்டோ.

"அண்ணா, நீங்க மட்டும் கொஞ்சம் எறங்கி நிக்கிறீங்களா?"

இறங்கி நிற்பார். அவர்கள் போனையே அவரிடம் கொடுத்து எடுக்கவும் சொல்வார்கள். நான்கு வருடத்தில் ஆயிரம் போட்டோவாவது எடுத்திருப்பார். ஒன்றிலும் அவர் இல்லை.

அவருக்கென்று ஒருநாளில் இருந்தது அரைமணி நேரம். கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்தில் ஆட்கள் இறங்கிக் காப்பித் தோட்டம் பார்க்கப் போனதும், ரோட்டோரம் மலர் வைத்திருக்கும் டீக்கடை பெஞ்சில் போய் உட்காருவார். மலரின் மாமியார் காளியாயி அங்கே முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருப்பார். அறுபது வயது, வாய் இருபது வயது.

"என்ன டைவரு, உன் மாப்பிள்ளை வண்டி இன்னிக்கு மேடு ஏறுச்சா, இல்ல எறங்கித் தள்ளுனீங்களா?"

"ஏறுச்சுங்கம்மா. உங்களையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன், வாங்க."

"அதுல ஏறுனா எனக்கு மறுபடியும் கல்யாணம்னு ஊரு சிரிக்கும் போ."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அவர் பேசியதில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

போன வருடம் கோடை விழாவுக்கு முன்னால் ஓட்டல் முதலாளி வண்டியை இன்னும் பழசாகக் காட்ட ஆசைப்பட்டார். கம்பி வைத்த உயரமான சக்கரங்கள் வந்தன. பழைய பிளாஸ்டிக் மீட்டரைக் கழற்றிவிட்டு, பித்தளை வளையம் போட்ட வட்ட மீட்டர் ஒன்றை வைத்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வெள்ளை முகம், கறுப்பு முள். பார்க்க அழகு. யுவராஜுக்கும் பிடித்திருந்தது. சக்கரம் உயர்ந்ததால் வண்டியின் நடையே மாறியிருந்தது. புது நடை பழகும்வரை முள்ளைப் பார்த்தே ஓட்டினார். வளைவுகளில் இருபத்தைந்து, அதற்கு மேல் முள் ஏற விட்டதில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹேமலதாவுக்கு ஞாயிறு நாலு மணிக்குத்தான் பேச நேரம் கிடைக்கும். மாமியார் தூங்கும் நேரம் அது. நாலரை ஆனால் வைத்துவிடுவாள். ஓட்டல் வாசலில்தான் அவர் போனுக்கு டவர் கிடைக்கும். அன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கொட்டச்சேட்டிலிருந்து கிளம்பும்போதே மூன்று ஐம்பது. பலாமரத்து வளைவில் திரும்பியபோது, தலையில் புல்லுக்கட்டோடு காளியாயி எதிரே வந்துகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் ஓரத்துக் காவாயில் தாவினார். வண்டி அவர்மேல் படவில்லை. ஆனால் விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அதே காரில் தூக்கிவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் யுவராஜ்தான். கட்டுப் போட்டுத் திரும்ப அழைத்து வந்ததும் அவரே. மறுநாள் சாயங்காலம் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் கூடியது.

"வண்டி பறந்து வந்துச்சு" என்றார் காளியாயி. "ஒதுங்க நேரமே குடுக்கல."

"இல்லீங்கம்மா. முள்ளு இருபத்தஞ்சுலதாங்க நின்னுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

வண்டியில் வந்த ஆட்கள் காலையிலேயே பெங்களூர் போய்விட்டார்கள். கேட்க வேறு சாட்சி இல்லை. அந்த ஊரில் அப்படி வந்தால் வழி ஒன்றுதான், சூடம் அடித்துச் சத்தியம். பூசாரி சின்னன் தரையில் சூடத்தை வைத்து ஏற்றினார். யுவராஜ் குனிந்து, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "இருபத்தஞ்சுக்கு மேல போகலீங்க, தாயே" என்றார். கை நடுங்கவில்லை. உண்மை என்று நம்பியதைத்தானே சொல்கிறார், ஏன் நடுங்க வேண்டும்?

சூடம் அடித்த பிறகு அந்த ஊரில் யாரும் பேச மாட்டார்கள். காளியாயியும் பேசவில்லை. புல் வெட்டும் கையில் மாவுக்கட்டோடு எழுந்து வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகும் யுவராஜ் டீக்கடைக்குப் போனார். மலர் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். முறம் ஆணியில் தொங்கியது. காளியாயியைக் காணவில்லை. "அம்மா எப்படி இருக்குதுங்க?" என்று ஒருநாள் கேட்டார். "இருக்காங்கண்ணா" என்றாள் மலர், பாத்திரத்தைப் பார்த்தபடி. ஜெயித்தவர் அவர்தான். ஆனால் அந்த அரைமணி நேரமும் போய்விட்டது.

ஆகஸ்டில் வந்தது அடுத்த இடி. ஓட்டல் மேனேஜர் நவீன், மகன் வயதுப் பையன், அலுவலகத்துக்குக் கூப்பிட்டான்.

"அண்ணா, இந்த வண்டி லிட்டருக்குப் பன்னண்டு கிலோமீட்டர் குடுத்துட்டு இருந்துச்சு. இப்ப எட்டு. மிச்சம் எங்கண்ணா போவுது?"

"தெரியலீங்க சார். வண்டிதான் குடிக்குது."

"வண்டி குடிக்குதா, இல்ல நடுவுல ஏதாவது கேன் குடிக்குதா?"

பக்கத்தில் நின்ற ரூம் பாய்கள் சிரித்தார்கள். யுவராஜ் வெளியே வந்தார். ஒரு துளி டீசலை அவர் எடுத்ததில்லை. அறையில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தார். டீசல் சரியாக ஊற்றுகிறோம், இன்ஜின் சத்தத்தில் குறையில்லை. அப்படியானால் கிலோமீட்டர்தான் குறைவாக விழ வேண்டும். மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

அதை எப்படிச் சோதிப்பது? கொண்டை ஊசி ரோட்டில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் அளக்கலாம். ஆனால் ரோட்டை அகலப்படுத்தியபோது பிடுங்கிய கல்லை எங்கே நட்டார்களோ என்று நவீன் கேட்டால் பதில் இருக்காது. அதனால் வேறு வழி செய்தார். ஓட்டல் முற்றத்தில் சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, டேப்பை வைத்து அளந்தார். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் நானூற்றுப் பதினேழு சுற்று சுற்ற வேண்டும். ஓட்டிக்கொண்டே சுற்றை எண்ணுவதற்குச் சக்கரக் கம்பியில் ஒரு ரப்பர்த் துண்டைக் கட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் அது மட்கார்டில் 'பட்' என்று அடிக்கும்.

விடிந்ததும் விடியாததுமாக ஏரி ரோட்டில் வண்டியை முதல் கியரில் விட்டார். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பட், பட், பட். வாய்விட்டு எண்ணினார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் "குட்மார்னிங், வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்க, பதில் சொன்னதில் எண்ணிக்கை போய்விட்டது. மீட்டரில் எண் புரளும்வரை காத்திருந்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நானூற்றுப் பதினேழு வந்தது. மீட்டரில் கிலோமீட்டர் மாறவில்லை. ஐந்நூறு. அறுநூறு. அறுநூற்று இருபத்து நான்கில் எண் புரண்டது. மூன்று நாள் காலையில் இப்படி எண்ணினார். ஒரு தடவை இரண்டு குறைந்தது, ஒரு தடவை இரண்டு கூடியது. அவ்வளவுதான் வித்தியாசம். மீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று சொல்வதற்குள் வண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடிவிடுகிறது!

நவீனிடம் பேப்பரைக் காட்டினார். பையன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தான். எட்டை ஒன்றரையால் பெருக்கினால் பன்னிரண்டு. முகம் சுருங்கிவிட்டது.

"சாரிண்ணா. மனசுல வெச்சுக்காதீங்க" என்று எழுந்து நின்று சொன்னான். "சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணிட்டு வந்துருங்க."

அன்றைக்கு யுவராஜ் பாடிக்கொண்டேதான் மலை இறங்கினார்.

சேலத்தில் மீட்டர் வேலை பார்க்கும் தங்கராஜ் படுத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் நுழைந்து, மீட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றினார்.

"ஏனுங்கண்ணா, இதுல ரெண்டு தப்பு இருக்குதுங்க. சக்கரம் பெருசு, அதனால ஒரு சுத்துக்கு நொம்ப தூரம் போவுது. மீட்டரு வேற வண்டியோடது, அதுக்கு இன்னும் அதிகமாக் கேபிள் சுத்தோணும். ரெண்டும் சேந்து உங்களை ஏமாத்தியிருக்குது. நடுவுல ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி வெச்சு, கேபிளை ஒன்றரை மடங்கு சுத்த வெச்சாச் சரியாப் போயிரும்."

"தூரம் மட்டுந்தான தப்பு?"

"அது எப்படிங்க? தூரத்தையும் முள்ளையும் ஓட்டுறது ஒரே கேபிள்தான. இத்தனை நாளும் இருபத்தஞ்சுல போறேன்னு நெனச்சுட்டு முப்பத்தெட்டுல போயிருக்கீங்க." தங்கராஜ் சிரித்தார். "நல்லவேளை, யாரு மேலயும் ஏத்தல."

யுவராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

சாயங்காலம் குப்பனூர் வழியாக மலை ஏறினார். அது கொட்டச்சேட்டைத் தொட்டுப் போகும் ரோடு. வேறு வழியில் போயிருக்கலாம். போகவில்லை. கொட்டச்சேட்டைத் தாண்டி, அன்றைக்கு வந்த அதே பக்கமாகப் பலாமரத்து வளைவுக்கு வந்தார். முள்ளைச் சரியாக இருபத்தைந்தில் நிறுத்தினார். சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக, மெதுவாகப் பின்னால் போயின. மரத்தில் சுற்றிய மிளகுக் கொடியின் இலைகூடத் தெரிந்தது. இதுவா இருபத்தைந்து? இந்த வேகத்தில் வந்திருந்தால் காளியாயி புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டே ஒதுங்கியிருக்கலாம்.

திரும்பவும் பின்னால் போனார். இந்தத் தடவை முள்ளைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கால் எப்படி அழுத்தியதோ அப்படி அழுத்தினார். காதில் காற்று இரைந்தது. வளைவில் உடம்பு கதவுப் பக்கம் சாய்ந்தது. ஆம், அன்றும் இப்படித்தான் சாய்ந்தது. குனிந்து பார்த்தார். முப்பத்தெட்டு.

காலுக்கும் உடம்புக்கும் அன்றே தெரிந்திருக்கிறது. மணி நாலாகிறது என்ற அவசரத்தில், முள் சொன்னதை நம்புவது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது.

நவீனிடம் சொன்னார். அவன் கதவைச் சாத்தினான்.

"அண்ணா, உங்க பேருல இருந்த குத்தம் போயிருச்சு. சத்தியம் பண்ணி முடிஞ்ச விசயத்தை எதுக்குத் தோண்டுறீங்க? கேசு கீசுன்னு போனா ஓட்டல் பேரு கெட்டுரும். மொதலாளி உங்களை வெச்சுக்க மாட்டாரு. அங்க யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் என்ன?"

அந்தக் கேள்வியோடு ஒன்பது நாள் இருந்தார். வேலை போனால் போக இடம் அந்தப் பூட்டிய வீடுதான். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, லீவு கேட்டுவிட்டு, காரைத் தொடாமல் பஸ் ஏறிக் கொட்டச்சேட்டில் இறங்கினார்.

மலர் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். "அம்மாவைப் பாக்கோணும்" என்றார்.

"அத்தை எங்கயும் வர்றதில்லீங்கண்ணா. கண்ணு போயிருச்சுன்னு ஊட்டுலயே இருக்காங்க."

"கண்ணா? கையிலதான அடி?"

"கை கூடிருச்சு. சத்தியம் பண்ணுன மனுசன் பொய் சொல்ல மாட்டான், அப்ப மெதுவா வந்த வண்டி எனக்குத்தான் வேகமாத் தெரிஞ்சிருக்குது, என் கண்ணுதான் கெட்டிருச்சுன்னு அத்தையே முடிவு கட்டிட்டாங்க. எங்களுக்கும் அதேதான் தோணுச்சு. ரோட்டுல தனியா விட்டா எங்கயாச்சும் விழுந்துருவாங்கன்னு நாங்களும் விடல. புல்லு வெட்ட ஆளில்லாம மாட்டையும் வித்துட்டோம்."

யுவராஜ் அவளோடு வீட்டுக்குப் போனார்.

காளியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யுவராஜ் தரையில் உட்கார்ந்தார். சக்கரம், ரப்பர்த் துண்டு, அறுநூற்று இருபத்து நான்கு என்று எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர் விவரம் காளியாயிக்குப் புரிந்ததோ என்னவோ, கடைசியில் சொன்னது புரிந்தது.

"நீங்க சொன்னதுதாங்கம்மா நெசம். வண்டி வேகமாத்தான் வந்துச்சு."

காளியாயி எழுந்து வாசலுக்குப் போய் நின்று, பள்ளத்துக்கு அப்பால் இருந்த தோட்டத்தைப் பார்த்தார்.

"மலரு, அந்தக் கோடி மரத்துல ஏணி சாத்தியிருக்குதா?"

மலர் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "ஆமாங்கத்தை."

"ஏணியில நீலத் துண்டு தொங்குது."

அது மலருக்கே சரியாகத் தெரியவில்லை. காளியாயி திரும்பினார்.

"என் கண்ணு நல்லாத்தான்டா இருந்துச்சு, பாவி. மாட்டை வித்துப்புட்டாங்களே!" பிறகு கேட்டார்: "அவசரமாத்தான போன அன்னிக்கு?"

"ஆமாங்க. மக போன் பண்ற நேரம்."

"சூடம் அடிக்கையில அதைச் சொன்னியா?"

அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அன்று தோன்றவில்லை.

"எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா ஆச்சா? என்னை ஊருக்கு முன்னால குருடியாக்குன. ஊருக்குச் சொல்லு."

இருவரும் பூசாரி சின்னனிடம் போனார்கள். இன்னொரு சூடம் ஏற்றி, முன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன் என்று யுவராஜ் கும்பிட்டுக் கேட்டார். சின்னன் தலையாட்டிவிட்டார்.

"ஒரு வழக்குக்கு ஒரு சூடந்தான் சாமி. அணைச்சதை மறுபடியும் ஏத்தறதில்லை. ஏத்துனா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. ஆத்தா முன்னால இனி ஒண்ணும் பண்ண முடியாது. வேணும்னா நீயே ஊடு ஊடாப் போய்ச் சொல்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். "காளியாயி அம்மா கண்ணுல கோளாறு இல்லீங்க. கோளாறு என் மீட்டருலயும் எங்கிட்டயும்தான்." சிலர் உட்காரச் சொன்னார்கள். சிலர் நாயை விரட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர், "இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்த?" என்று சிரித்தார்.

ஓட்டலுக்கு விஷயம் போயிற்று. காரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. காய்கறி ஏற்றிவரும் வேனை ஓட்டச் சொன்னார்கள். அந்த வேன் கொட்டச்சேட்டுப் பக்கம் போவதில்லை. ஞாயிறு நாலு மணிக்கு அவர் ஏதாவது வாசலில் நிற்பார். அங்கே டவர் கிடைக்காது. ஓட்டலுக்குத் திரும்பி ஆறு மணிக்குக் கூப்பிட்டால், பெரும்பாலும் மணி அடித்து அடித்து நின்றுவிடும்.

காளியாயி இப்போது மறுபடியும் புல்லுக்கு நடக்கிறார். புதிதாக ஒரு கன்று வாங்கியிருக்கிறார்கள். யுவராஜைக் கண்டால் நின்று பேசுவதில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறார். "அது போதுங்க" என்றார் யுவராஜ். பஸ் ஏரிக்கரையில் நின்றதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாரமங்கலம் பஸ்ஸைத் தேடிப் போனார். கொட்டச்சேட்டில் எல்லா வீட்டுக்கும் அவர் சொல்லி முடித்துவிட்டார் என்றாலும், காளியாயிக்குக் கண் போய்விட்டது என்ற பேச்சு கல்யாணம், சாவு என்று சொந்தக்காரர்களோடு மாரமங்கலம்வரை போய்விட்டதாம். அங்கே இன்னும் பல வீடுகள் பாக்கி.

அவருடைய கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் அவர் ஒரே ஆள். ஞாயிறு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அதனால் இதைப் படிக்கிற நீங்கள் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மலைப் பக்கம் சொந்தம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கொட்டச்சேட்டுக் காளியாயிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு வண்டி வேகமாகத்தான் வந்தது.